வீம்பு பிடித்த வலி

எங்கள் கடையில் யாரும் உட்காருவதில்லை. இதை நான் வெட்கத்தோடு சொல்லவில்லை. தென்காசியில் எண்பத்தாறு ஆண்டுகளாக நடக்கும் நயினார் ஜவுளி மாளிகையில், வாங்க வந்தவர் நிற்கும்போது விற்பவர் உட்கார்ந்ததாக ஒரு நாள் கிடையாது. வீட்டுக்கு வந்த விருந்தாளியை நிற்க வைத்துவிட்டு நாம் உட்காருவோமா? என் தகப்பனார் உட்காரவில்லை. கல்லா மேசையையே நின்றுகொண்டு பார்க்கிற உயரத்தில் செய்ய வைத்தவர் அவர். அந்த மேசைக்குப் பின்னால் ஐம்பத்திரண்டு வருடமாக நானும் நிற்கிறேன். முதுகு இன்றுவரை வளைந்ததில்லை.

ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் எப்போதோ ஒரு சட்டம் போட்டது. சட்டத்தை மீறுகிற குடும்பம் அல்ல எங்களுடையது. நான்கு நாற்காலி வாங்கிப் போட்டேன். ஒரே வாரத்தில் நான்கின் மேலும் ஜாக்கெட் துணிக் கட்டுகள் ஏறிக்கொண்டன. அவற்றை இறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்காததைத் திருப்தி என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் பட்டைச் சட்டம் வந்தது.

ஆடி முதல் வாரத்தில், சாரல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், தொழிலாளர் துறை ஆய்வாளர் ஜெசிந்தா கையில் ஒரு பெட்டியோடு வந்தாள். முப்பது வயது இருக்கும். வணக்கம் சொன்ன விதத்திலேயே வளர்ப்பு தெரிந்தது. ஆனால் பெட்டியைத் திறந்த பிறகு அவள் பேசியது எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"இது அனுப்புற பட்டை அண்ணாச்சி. கணுக்கால்ல கட்டணும். கால்ல என்ன வலி ஓடுதுன்னு நரம்பு வழியா இது படிச்சுக்கிடும். அந்தா இருக்கே, அது வாங்குற பட்டை. முழங்காலுக்குக் கீழ கட்டுறது. அந்த நேரத்துல கடையில யாருக்கு ரொம்ப வலிக்குதோ, அவங்க வலி அப்படியே இதக் கட்டுன ஆளுக்குத் தெரியும்."

"யார் கட்டணும்?"

"நீங்கதான்."

பக்கத்தில் நின்ற என் மகன் சிதம்பரம் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தான்.

"வலிக்குற ஆளு யாருன்னு எனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா மறுநாள் அவங்களுக்கு வேலை இருக்காதுல்லா?"

"எங்க கடையில அப்படிக் கிடையாது."

"போன கடையிலயும் இதையேதான் சொன்னாவ அண்ணாச்சி" என்றாள், கொஞ்சமும் கோபமில்லாமல்.

எனக்கு ஒரு சந்தேகம். "எங்கால்லயும் வயசுக்கேத்த வலி இருக்கும்மா. எது யாருதுன்னு எப்படித் தெரியும்?"

"நல்ல கேள்வி. அது கலந்துரக் கூடாதுன்னுதான், வாங்குற பட்டை ஒங்க காலோட வலிய மேல போக விடாது. முழங்காலோட நிப்பாட்டிரும். நடக்கலாம், நிக்கலாம், ஓடக்கூடச் செய்யலாம். வலி மட்டும் ஒங்களுதா இருக்காது."

சட்டத்தின் கடைசிப் பகுதியை அவள் மெதுவாகச் சொன்னாள். ஒரே ஊழியரின் வலி தொடர்ந்து தொண்ணூறு நாள், தாங்கக்கூடிய அளவு என்று குறித்த சிவப்புக் கோட்டுக்கு மேலே இருந்தால், கடைப் பெயருக்குக் கீழே அரசாங்கமே ஒரு சிவப்புப் பலகை மாட்டும். 'இந்தக் கடையில் ஒருவர் வலியோடு நிற்கிறார்.' அவ்வளவுதான் வாசகம்.

என் தாத்தாவின் பெயருக்குக் கீழே அப்படி ஒரு வாசகம். அபராதம் என்றால் கட்டிவிட்டுப் போயிருப்பேன்.

ஜெசிந்தா வருகைப் பதிவேட்டைக் கேட்டாள். கொடுத்தேன். எங்கள் பதிவேட்டில் ஒரு வழக்கம் உண்டு: முதல் வரியில் முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். கடையின் முதல் வேலைக்காரன் அவன்தான் என்று என் தாத்தா வைத்த முறை. அவள் பெயர்களை எண்ணினாள், பட்டைகளை எண்ணினாள், வரிசையாகக் கட்டிக்கொண்டே வந்தாள். எனக்குரியதையும் அவளே கட்டிவிட்டாள். எதெது எதற்கு என்று நான் குனிந்து பார்க்கவில்லை. குனிவது எனக்குப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் வேட்டி மறைத்துக்கொண்டது.

அவள் போனதும் சிதம்பரம் அருகில் வந்தான். "அப்பா, நீங்க ஏன் கஷ்டப்படணும்? நமக்குப் போட்டியா இருக்க குலசேகரன் மாமா கடையில ஆள் வச்சிட்டாவ. நமக்குப் பதிலா ஒருத்தர நியமிக்கலாம்னு சட்டத்துல எடம் இருக்கு. வாடகைக் கால்னு ஒரு கம்பெனியே இருக்குப்பா. போன் போட்டா சாயங்காலம் ஆள் வந்துரும்."

"நம்ம வீட்டு வலிய ஊர்க்காரன் சொமக்கணுமா? நாளைக்கு எனக்குப் பதிலா உண்ணாவிரதம் இருக்கவும் ஆள் அனுப்புவானா அவன்?"

"அனுப்புவாம்ப்பா. அதுக்கும் கம்பெனி இருக்கு."

முதல் வலி பதினொன்றரைக்கு வந்தது. குதிகாலில் யாரோ கட்டைவிரலை வைத்து மெதுவாக அழுத்துவதுபோல் தொடங்கி, பன்னிரண்டு மணிக்கு ஆணியாக இறங்கியது. நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். பதினெட்டு பேரும் அவரவர் பகுதியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோட்டு, சட்டைத் துணிப் பகுதியில் இருக்கும் மொகிதீன் கடையிலேயே மூத்தவர். வாய் சும்மா இருக்காது.

"அண்ணாச்சி, பட்ட வேல செய்யுதா?"

"செய்யுது."

"என்ன தெரியுது?"

"சொகமா இருக்கு."

மொகிதீன் சேலைப் பகுதியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "கேட்டியா செண்பகம்? நம்ம கால்ல இருந்து கெளம்புறப்ப வலியா இருக்கது, அண்ணாச்சிட்ட போய்ச் சேரதுக்குள்ள சொகமாயிருது!"

கடை முழுக்கச் சிரித்தது. என் முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை.

மூன்று மணிக்கு வந்தது வேறு. கெண்டைக்கால் சதை ஒரு கயிறாகத் திரண்டு சுருட்டி இழுத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

செண்பகவல்லி ஒரு வாடிக்கையாளருக்குப் பட்டுச்சேலையை விரித்துக்கொண்டே கேட்டாள். "என்ன அண்ணாச்சி, கண்ணு கலங்குது?"

"புழுதி."

"ஏசி போட்ட கடையில புழுதியா?"

இந்தச் செண்பகவல்லியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேலைப் பகுதியில் இருபத்து நான்கு வருடம். ஒரு பெண் கடைக்குள் நுழையும்போதே, அவள் எந்த நிறத்தைக் கேட்பாள், எந்த நிறத்தை வாங்குவாள் என்று இரண்டையும் சொல்லிவிடுவாள். என்னிடம் எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள்.

அந்தச் சுருட்டல் தினமும் மூன்று மணிக்கு வந்தது. ஐந்தாம் நாள் அவளைக் கூப்பிட்டேன். யாருடையது என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பது சட்டம். பொதுவாகக் கேட்டேன்.

"மத்தியானம் மூணு மணிக்கு ஒருத்தருக்குக் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கு. ஏன்?"

"ஒருத்தருக்கு இல்ல அண்ணாச்சி. பொம்பளைய எட்டு பேருக்கும் இழுக்கும். தண்ணி குடிக்காட்டா அப்படித்தான்."

"கடையிலதான் தண்ணி வச்சிருக்கே?"

"தண்ணி வச்சிருக்கு. குடிச்சா பாத்ரூம் போணும்லா? பாத்ரூம் மூணாவது மாடியில. ஏறி எறங்க பத்து நிமிசம். எறங்கி வந்தா சின்ன மொதலாளி நம்மளப் பாக்க மாட்டாவ, கடிகாரத்தப் பாப்பாவ. அதுக்குக் குடிக்காமலே இருந்துரலாம்."

இருபத்து நான்கு வருடம். நான் அவளைப் பார்த்தேன். அவள் மேசை மேல் இருந்த துணி அளக்கும் கோலைப் பார்த்தாள்.

கல்லாவுக்குப் பின்னால் எனக்கென்று ஒரு அறை உண்டு. அதில் குளியலறையும் உண்டு. என் தகப்பனாரும் நானும் தவிர வேறு யாரும் உபயோகித்ததில்லை. அதன் சாவியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். "பொம்பளைப் பிள்ளைய இனி இங்கன போகட்டும். மாடிக்கு நான் போய்க்கிடுதேன்."

"நீங்க மூணு மாடி ஏறணுமே அண்ணாச்சி."

"எனக்கென்ன, காலா வலிக்கப்போகுது?"

உண்மையைத்தான் சொன்னேன். என் கால் எனக்கு வலிக்கவே இல்லை. ஒரு வாரத்தில் மூன்று மணிச் சுருட்டலும் நின்றுவிட்டது. அன்று மாலை நானே எதிர்பாராதவிதமாக ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தேன் என்று மொகிதீன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஆனால் குதிகால் ஆணி மிச்சமிருந்தது. அதற்கு ஒரே வைத்தியம் என்ன என்று எனக்குத் தெரியும். அதை வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. உட்காரச் சொல்வதா? என் தாத்தாவின் படத்துக்கு முன்னாலேயா?

கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் தினமும் கடையைத் திறக்கிறேன். பெரிய படம். கழுத்திலிருந்து கீழே வரை தடித்த சந்தன மாலை. நிமிர்ந்த தலை, கூர்மையான மீசை. நிற்பவனின் முகம் என்றால் அதுதான்.

ஆடி கடைசி வெள்ளி. கடை திறக்குமுன் செண்பகவல்லி வழக்கம்போல் படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டே, மொகிதீன் கேட்ட ஏதோ ஒன்றுக்குப் பதிலாக, "எங்க தாத்தா நின்ன கடை இது" என்றேன்.

ஏணியின் மேலிருந்து குரல் வந்தது. "எங்கன நின்னாவ?"

"என்ன?"

"ஒங்க தாத்தா எங்கன நின்னாவன்னு கேக்கேன். படத்துல உக்காந்துல்லா இருக்காவ."

அவள் மாலையைத் தூக்கிப் பிடித்தாள். படத்தின் கீழ்ப்பாதியை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். வெள்ளை விரித்த மெத்தை. அதன் மேல் என் தாத்தா சம்மணம் போட்டு, மடியில் துணியை விரித்து, வயிறு நிறையச் சாப்பிட்டவர்போல் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு வாடிக்கையாளர். அவரும் சம்மணம்.

மெத்தையை எடுத்துவிட்டு மேசை போட்டவர் என் தகப்பனார். மாலையை மாட்டியவரும் அவரே.

"இது ஒனக்கு எப்பருந்து தெரியும்?"

"இருவத்து நாலு வருசமா வெள்ளிக்கெழம தோறும் தொடைக்கேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டியளா?"

மொகிதீன் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

நான் யோசிக்க ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். பிறகு பதினெட்டு முக்காலிக்குச் சொல்லிவிடச் செண்பகவல்லியிடமே பொறுப்பைக் கொடுத்தேன். செங்கோட்டை ஆசாரி பத்து நாளில் அனுப்பிவிட்டார். வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்று பயந்தேன். மூன்றாம் நாள் கடையத்திலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டு அம்மாள், செண்பகவல்லிக்கு எதிரே தானும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் சம்பந்தி வீட்டுக் கதையெல்லாம் சொல்லி, ஐந்து சேலை வாங்க வந்தவள் பதினொன்று எடுத்துப் போனாள். தாத்தாவுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.

குதிகால் ஆணி போயிற்று. ஆவணி நடுவில் என் கால்களில் ஒரே ஒரு வலி மட்டும் மிஞ்சியிருந்தது.

அது ஆரம்பம் முதலே இருந்திருக்கிறது. மற்ற வலிகள் முந்திக்கொண்ட நேரங்களில் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே கிளம்பி, வலது காலின் வெளிப்பக்கமாக இறங்கி, பெருவிரலில் போய் நிற்கும். காலை பத்துக்கு வந்தால் மாலை எட்டுவரை போகாது. அசையாது, கூடாது, குறையாது. பட்டையோடு வந்து மேசை மேல் இருந்த சின்னத் திரையில், சிவப்புக் கோட்டுக்கு மேலே போன நாட்களின் எண் ஏறிக்கொண்டே வந்தது. ஒரே ஊழியர்: நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று.

பதினெட்டு பேரையும் வரிசையாக நிறுத்தினேன். பிறகு நினைவு வந்து உட்கார வைத்தேன்.

"உங்கள்ல ஒருத்தர் வலிய மறைக்கிய. வேலை போயிரும்னு பயப்பட வேண்டாம். என் தாத்தா பேர்ல சத்தியம். யாரு?"

பதினெட்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மொகிதீன், நீரா?"

"எனக்கு வாய்தான் அண்ணாச்சி வலிக்கும். அதுக்குப் பட்ட இல்லியே."

அத்தனை பேரையும் வேன் வைத்து மருத்துவமனைக்கு அனுப்பிப் பரிசோதித்தேன். மொகிதீனுக்குக் குதிரைக் கால், அத்தனை திடம் என்றார் டாக்டர். செண்பகவல்லிக்கு இடது காலில் நரம்பு சுருண்டிருந்தது. இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் புண்ணாகியிருக்கும் என்றார்கள். சிகிச்சை செய்து, பத்து நாள் சம்பளத்தோடு ஓய்வு கொடுத்தேன். அவள் இல்லாத பத்து நாளும் அந்த வலி என் வலது காலில் அப்படியே இருந்தது. ஆக, அவளுடையதும் அல்ல.

அறுபத்தைந்து. அறுபத்தாறு.

எழுபதாம் நாள் குலசேகரன் கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஒருவனைப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். நாற்பது வயது. கைலி விலகிய இடத்தில், ஒரு காலில் இரண்டு, இன்னொரு காலில் இரண்டு என்று பட்டைகள்.

"நீதான் வாடகைக் காலா?"

"ஆமா அண்ணாச்சி. பேரு பேச்சிமுத்து. இந்தா, இது குலசேகரன் கட. இது பஸ் ஸ்டாண்டு செருப்புக் கட. ரெண்டுலயும் இன்னைக்குக் கூட்டம்."

"வலிக்குன்னு மொதலாளிமார்ட்ட சொல்லுவியா?"

"எதுக்கு? வலிக்கத்தான சம்பளம்" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தாமலே சொன்னான்: "சாயங்காலம் பட்டையக் கழட்டுனா, எங்காலு எங்க இருக்குன்னு ஒரு நிமிசம் தெரியாது அண்ணாச்சி. தடவிப் பாத்துக்கிடுவேன். எம்மவ கேலி பண்ணுவா, என்னப்பா, கால எங்கயும் மறந்து வச்சிட்டு வந்துட்டியான்னு."

எனக்குக் குலசேகரன் மேல் கோபம் வந்தது. அது நியாயமான கோபம்தான். ஆனால் அன்று எனக்கு என் காரியம் பெரிதாக இருந்தது. வலியை இனம் கண்டுபிடிப்பதில் இவனைவிட அனுபவசாலி மாவட்டத்தில் கிடையாது. அவன் பட்டைகளைக் கழற்றச் சொல்லி, காலைப் பெஞ்சில் தூக்கி வைத்து, குனியாமல் என் முழங்கால் பட்டைகளைத் தடவி அவிழ்த்து, அவனிடம் கொடுத்துக் கட்டச் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் மேசையோரமாக நிமிர்ந்து நின்றேன். பட்டை இல்லாமலும் காலில் வலி இருப்பதுபோல் தோன்றியது; பட்டை விட்டுப்போன மிச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

"சேல செக்சன் வலி இல்ல. அது குதிகால்ல இருக்கும்" என்றான், பல் வைத்தியர்போல. "குடோன் வலியும் இல்ல. அது முதுகுல ஏறும். இது பழைய வலி அண்ணாச்சி. முப்பது நாப்பது வருசம் பழுத்தது. எப்பேர்ப்பட்ட வலியும் கொஞ்ச நேரம் ஒரு காலு மாத்தி நிக்கும், சாஞ்சுக்கிடும், செவத்தப் பிடிக்கும். இது ஒண்ணும் செய்யல. வெறச்சுக்கிட்டு நிக்கி." கண்ணைத் திறந்தான். "வீம்பு பிடிச்ச வலி. இந்த ஆள் யாரா இருந்தாலும், அவங்க வீட்டுப் பொம்பளைய பாவம்."

"எங்க கடையில அப்படி யாரும் கிடையாது" என்றேன்.

பட்டைகளைத் திரும்பக் கட்டிக்கொண்டு நடந்தபோது என் வலது காலில் அந்த வலி கூடவே வந்தது. நாற்பது வருடம் பழுத்தது என்றால் மொகிதீனைத் தவிர வேறு யார்? அவருக்கோ குதிரைக் கால். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

தொண்ணூறாம் நாள். தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. சிதம்பரம் சரக்கு எடுக்கச் சூரத் போயிருந்தான். கடைக்குள் நிற்க இடமில்லை. மத்தியானம் இரண்டே முக்காலுக்கு ஜெசிந்தா வந்தாள். கூட வந்த ஆள் சாக்குத் துணியில் சுற்றிய ஒரு பலகையை வாசலில் சாய்த்து வைத்தான். சாக்கின் கிழிசலில் சிவப்பு தெரிந்தது.

"அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க. ஆறு மணிக்கு மாட்டணும். அதுக்கு முன்னால அந்த ஊழியர்ட்ட நான் தனியாப் பேசணும். சட்டப்படி பேரு அவங்களுக்கு மட்டுந்தான் சொல்லலாம்."

என் அறையைத் திறந்துவிட்டேன். "இங்கன பேசும்மா. யாரக் கூப்பிடணுமோ கூப்பிட்டுக்கோ. நான் வெளிய இருக்கேன்."

வெளியேறத் திரும்பினேன்.

"நீங்க எங்க போறிய?" என்றாள். "உள்ள வாங்க. கதவச் சாத்துங்க."

"அந்த ஆளு?"

"வந்தாச்சு."

அறையில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. நான் குளியலறைக் கதவைக்கூடப் பார்த்தேன்.

"வருகைப் பதிவேட்டுல பத்தொம்பது பேரு அண்ணாச்சி. மொத வரியில ஆறுமுகநயினார், வயசு எழுபத்தொண்ணு, தெனம் பத்து மணி நேரம் நிக்கிற வேல. பத்தொம்பது பட்டை கட்டினேன். ஒங்க கணுக்கால்ல இருக்கது என்னன்னு நெனச்சிய?"

"செட்டோட வந்ததுன்னு நெனச்சேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அதற்காக இன்றுவரை அவள்மேல் எனக்கு மரியாதை. "மத்தவங்க வலியெல்லாம் கொறஞ்சதும் ஒங்களுதுதான் மேல வந்துருக்கு. அதுல இருந்து ஒங்க வலியத்தான் நீங்க சொமந்துருக்கிய. ஒங்களுதுன்னு தெரியாததால அக்கறையாத் தேடியிருக்கிய."

வெளியே தீபாவளிக் கூட்டத்தின் இரைச்சல். நான் வேட்டியைச் சற்று உயர்த்திக் கீழே பார்த்தேன். குனிந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

"இதுக்கு வழி?"

"இருக்கு. கடை நேரத்துல தொடர்ந்து மூணு மணி நேரம் செவப்புக் கோட்டுக்குக் கீழ எறங்கிட்டா கணக்கு புதுசாத் தொடங்கும். இப்ப மணி மூணாகப் போகுது. ஆறு வரைக்கும் நீங்க உக்காரணும். எந்திரிக்கக் கூடாது. அப்புறம், வலிக்கிற ஆளு இன்னாருன்னு தெரிஞ்சிட்டா, அவரே வாங்குற பட்டையக் கட்டக் கூடாது. வேற ஒருத்தர் கட்டணும்."

தீபாவளிக் கூட்டத்தில், ஊரே பார்க்க, என் தகப்பனாரின் மேசைக்குப் பின்னால் உட்காருவது. அல்லது தாத்தாவின் பெயருக்குக் கீழே பலகை. இரண்டில் எந்த அவமானம் சிறியது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. செண்பகவல்லி. பின்னால் மொகிதீன். கதவுக்கு வெளியே நின்று அத்தனையும் கேட்டிருக்கிறார்கள், ஒளிக்கவும் இல்லை.

"பட்டைய இங்க குடுங்க" என்றாள் செண்பகவல்லி.

"வெளியாள் கட்டக் கூடாதுன்னு நானே சொல்லியிருக்கேன்" என்றேன்.

"நான் வெளியாளா?"

ஜெசிந்தா படிவத்தை நீட்டினாள். பெயர் எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு சற்று நின்றேன். பிறகு 'எங்கள் வீட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செண்பகவல்லி அதைப் படித்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் அவிழ்த்துக் கொடுத்த பட்டைகளைக் கட்டினாள்.

அடுத்த நொடி அருகிலிருந்த ஜாக்கெட் துணிக் கட்டின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எம்மா! இத வச்சிக்கிட்டா மூணு மாடி ஏறுனிய? ஒங்களுக்குப் புத்தி இருக்கா?"

ஐம்பத்திரண்டு வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. பட்டை அவிழ்ந்த என் கால்களில் அதே நேரத்தில் அந்த வலியே பதிலாக வந்து இறங்கியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

மொகிதீன் வெளியே போய், மேசைக்கு அடியிலிருந்து ஒரு முக்காலியை இழுத்து வந்தார். மற்றவற்றைவிட ஒரு சாண் உயரம். கல்லா மேசைக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது.

"இது ஏது? பதினெட்டுதானே சொன்னேன்?"

"நீங்க பதினெட்டு சொன்னிய. செண்பகம் பத்தொம்பது சொல்லிட்டா. என்னைக்காச்சும் தேவப்படும்னு."

மூன்று அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது உட்கார்ந்தேன். முதுகு நேராகத்தான் இருந்தது. கடை ஒரு கணம் அமைதியாகி, பிறகு யாரோ ஒரு குழந்தை பட்டுப்பாவாடை கேட்டு அழ, எல்லாம் பழையபடி ஆனது. உலகம் இடிந்து விழவில்லை. அது எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது. நான்கு மணிக்கு எனக்குத் தேநீர் வந்தது. உட்கார்ந்து குடிக்கும் தேநீரில் இஞ்சி வாசனை தெரிகிறது. ஐந்து மணிக்கு, பேச்சிமுத்துவை நம் கடைக்குக் கூப்பிட வேண்டும், உட்கார்ந்து செய்கிற வேலையாக, என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தே முக்காலுக்கு வாசல் கூட்டம் விலகியது. பட்டுச் சட்டையில் குலசேகரன். பலகை விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கிறது. மாட்டுவதைப் பார்க்க வந்திருக்கிறார். சாக்கில் சுற்றியதை வாசலில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, உக்காந்துட்டிய?"

என் தகப்பனாரின் கடையில், எங்கள் எதிரிக் கடைக்காரர் நிற்க, நான் உட்கார்ந்திருப்பதா? என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. இரண்டு கையும் மேசை மேல் ஊன்றிவிட்டன. முக்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

சேலைப் பகுதியிலிருந்து, அத்தனை இரைச்சலுக்கும் மேலே, ஒரு குரல் வந்தது.

"அண்ணாச்சி, உக்காருங்க. எனக்கு வலிக்கி."

குலசேகரனுக்கு ஒரு முக்காலி போடச் சொல்லிவிட்டு, உட்கார்ந்தேன்.